மதிய சாலட், சீரான மாதவிடாய், கருத்தரிப்பு: டப்பாவில் என்ன, எவ்வளவு?

செங்காங் வாசகி | 3 மார்ச் 2025, இரவு 9.40

வயது 33. மாதவிடாய் 38 முதல் 45 நாளுக்கு ஒருமுறை. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு), அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன், குழந்தைக்கு முயற்சி. வீட்டில் இரவுச் சமையல் மாமியார் கையில், மதியச் சாப்பாடு மட்டும் என் கையில். காணொளிகளில் வரும் "ஹார்மோன் சாலட்" எல்லாம் கேல் கீரை, மாதுளை, நான்கு வகை விதை. அப்படியே செய்து எடுத்துப்போனால் 12.30க்கு இலை வாடி, அடியில் தண்ணீர் தேங்கி, 3 மணிக்கு மறுபடி பசி. இங்கே சிங்கப்பூரில் கிடைக்கும் பொருளில், ஐந்து வேலைநாளும் செய்யக்கூடியதாக, அளவோடு சொல்வீர்களா? இன்னொன்று: சுற்றின் முதல் பாதியில் ஆளிவிதை, பூசணிவிதை, இரண்டாம் பாதியில் எள், சூரியகாந்தி விதை என்று மாற்றிச் சாப்பிட்டால் ஹார்மோன் சீராகுமா?

கறிவேப்பிலை | 3 மார்ச் 2025, இரவு 11.05

விதைச் சுற்றை விட்டுவிடுங்கள். அதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. 45 நாள் சுற்றில் முதல் பாதி எங்கே முடிகிறது என்பதே தெரியாதே! விதைகள் நல்லவை, எல்லாவற்றையும் எல்லா நாளும் சாப்பிடலாம்.

பிசிஓஎஸுக்கென்று தனி உணவுமுறையும் கிடையாது. 2023இல் வந்த அனைத்துலக வழிகாட்டி, எந்த ஒரு உணவுத்திட்டமும் மற்றதைவிடச் சிறந்தது என்று காட்ட ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. விடாமல் சாப்பிட முடிகிற நல்ல உணவு எதுவோ அதுதான் உங்களுக்கானது. ஆனால் மதிய உணவு செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும், அதை இறக்க இன்சுலின் அதிகம் சுரக்கும். பிசிஓஎஸ் உள்ளவர்களில் பலருக்கு அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும், முட்டை முதிர்வது பாதியில் நின்றுபோகும். புரதம், நார், கொழுப்பு மூன்றும் போதுமான அளவு இருந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். உங்கள் 3 மணிப் பசிக்கும் காரணம் அவை போதாததுதான். இலையும் மாதுளையும் சேர்ந்து 6 கிராம் புரதம்கூடத் தந்திருக்காது. ஒரு மதிய டப்பாவுக்கு 25 கிராம் வேண்டும்.

ஒரு டப்பாவுக்கு: வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 120 கிராம் (காய்ந்தது 50 கிராம் போட்டால் ஏறக்குறைய இவ்வளவு வரும்), தௌக்வா (கெட்டியான சோயாக்கட்டி) 100 கிராம், கீரை அல்லது இலை இரண்டு கைப்பிடி (60 கிராம்), சிவப்புக் குடைமிளகாய் பாதி, கேரட் பாதி, வெந்த பார்லி அல்லது சிவப்பரிசி 80 கிராம், வறுத்த எள் 1 மேசைக்கரண்டி, ஆளிவிதைப் பொடி 1 மேசைக்கரண்டி. மேலே ஊற்ற நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ 1 மேசைக்கரண்டி, நான்கு கலமான்சியின் (சின்ன எலுமிச்சை) சாறு, உப்பு கால் தேக்கரண்டி, மிளகு, வறுத்த சீரகப்பொடி. புரதம் 25 கிராமுக்குமேல் வரும், ஃபோலேட் (கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய பி வைட்டமின்) 300 மைக்ரோகிராமை ஒட்டி.

எண்ணெயைக் குறைத்துவிடாதீர்கள். கேரட், கீரையில் உள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும்.

ஈரச்சந்தை | 4 மார்ச் 2025, காலை 7.15

வாடுவதற்குக் காரணம் இலையைத் தேர்ந்ததில்தான். பேபி ஸ்பினாச் நம் வெயிலுக்கு நான்கு மணி நேரம் தாங்காது. தேக்காவிலும் பேட்டைச் சந்தையிலும் கிடைப்பதில் சாலட்டுக்குத் தாங்கக்கூடியவை: சியாவ் பாய் சாய் (சீனக் கீரை, சின்னது, தண்டு வெள்ளையாக மொறுமொறு என்றிருப்பது), நாய் பாய், ரோமெய்ன், முட்டைக்கோஸ், சிறகவரை. மணத்துக்கு வல்லாரை ஒரு கைப்பிடி. மலாய்க்காரர்கள் உலாமாக அப்படியே பச்சையாகச் சாப்பிடுவதுதான். தண்டு கசக்கும், இலையை மட்டும் கிள்ளுங்கள்.

கேல் தேடி அலைய வேண்டாம். கைலான் அதே குடும்பம், விலையும் குறைவு. பச்சையாகக் கடினமாக இருக்கும், ஆவியில் 2 நிமிடம்.

கறிவேப்பிலை | 4 மார்ச் 2025, மதியம் 1.20

மேலே சொன்னதோடு ஒரு திருத்தம். நேற்று "கீரை" என்று பொதுவாக எழுதிவிட்டேன், படிப்பவர்கள் இரும்புச்சத்துக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். கீரையை ஃபோலேட்டுக்காகப் போடுங்கள். அதிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறைவு. கால்சியமும் அப்படியே, ஸ்பினாச்சில் ஆக்சலேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சியாவ் பாய் சாய், கைலான் இரண்டிலும் ஆக்சலேட் குறைவு, அவற்றின் கால்சியம் நன்றாகச் சேரும். டப்பாவில் இரும்பு கடலையிலிருந்தும் தௌக்வாவிலிருந்தும் எள்ளிலிருந்தும் வருகிறது. குடைமிளகாயும் கலமான்சியும் ருசிக்காக மட்டும் இல்லை, வைட்டமின் சி இருந்தால் தாவர இரும்பு கூடுதலாக உள்ளே போகும். குடைமிளகாய் விலை ஏறினால் கொய்யா 50 கிராம் நறுக்கிப் போடுங்கள், 100 மி.கி.க்குமேல் வைட்டமின் சி.

இலையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் ஃபோலேட் ஏறக்குறையப் பாதி தண்ணீரோடு போய்விடும். ஆவியில் வைத்தால் இழப்பு மிகக் குறைவு.

மருந்துச்சீட்டு | 4 மார்ச் 2025, இரவு 8.50

சாலட்டில் 300 மைக்ரோகிராம் இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உணவு ஃபோலேட் உடலில் சேர்வது சீராக இருக்காது. கருத்தரிக்க முயலத் தொடங்கியதிலிருந்து கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் ஆவது) கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. 45 நாள் சுற்று உள்ளவருக்கு அந்த 28 நாளும் "இன்னும் மாதவிடாய் வரவில்லை, வழக்கம்போலத் தள்ளிப்போகிறது" என்ற நினைப்பிலேயே கழிந்துவிடும். பரிசோதனை செய்து தெரிந்தபின் மாத்திரை தொடங்கினால் காலம் கடந்திருக்கும். நீரிழிவு, வலிப்பு மருந்து, முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை: இவற்றில் ஏதாவது இருந்தால் அளவு இதைவிட அதிகம், மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும்.

மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். நீங்கள் சைவமா?

செங்காங் வாசகி | 4 மார்ச் 2025, இரவு 10.10

செவ்வாய், வெள்ளி சைவம். மற்ற நாள் முட்டை, மீன் உண்டு. பி12 இதுவரை பார்க்கவில்லை.

இன்று செய்துபார்த்தேன். வயிறு நிறைந்தது, 5 மணி வரை பசி இல்லை. ஆனால் அடியில் மறுபடியும் தண்ணீர். கடலையும் லேசாகப் புளித்த வாடை.

மருந்துச்சீட்டு | 4 மார்ச் 2025, இரவு 10.25

அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுக்கும்போது பி12ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை | 5 மார்ச் 2025, காலை 6.30

இரண்டு வெவ்வேறு கோளாறு.

புளித்த வாடை ஊறவைத்ததில் வந்தது. ஊரில் இரவு முழுக்க மேடையில் ஊறும், ஒன்றும் ஆகாது. இங்கே சமையலறை இரவிலும் 29, 30 டிகிரி, ஈரப்பதம் வேறு. எட்டு மணி நேரத்தில் நுரைத்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் ஊறவையுங்கள், 12 மணி நேரம் ஆனாலும் கெடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குக்கரில் 5 விசில். சோடா மாவு வேண்டாம், தோல் உரிந்து குழைந்துவிடும், சாலட்டுக்கு உருண்டையாக நிற்க வேண்டும். வெந்ததும் வடித்துத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஆறவிடுங்கள். குக்கரிலேயே மூடிவைத்தால் மணிக்கணக்கில் சூடு இறங்காது. கெடுக்கும் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில், அந்த இடைவெளியை விரைவாகக் கடக்க வேண்டும்.

தண்ணீருக்கு மூன்று காரணம் இருக்கலாம். கடலையை வெதுவெதுப்பாகப் போட்டு மூடினால் ஆவி மூடியில் முத்தாகக் கோத்து இலைமேல் சொட்டும். இலையைக் கழுவி உதறாமல் போட்டால் அந்த ஈரம். மூன்றாவதுதான் பெரியது: உப்பும் எலுமிச்சையும் பட்ட காய் தன் நீரை வெளியே விடும். வெள்ளரியும் நறுக்கிய தக்காளியும் முதல் குற்றவாளிகள். வெள்ளரிக்காய் போட்டே ஆகவேண்டும் என்றால் நடுவிதையைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். தக்காளி செர்ரி வகை, முழுதாக.

அடுக்கும் வரிசை, கீழிருந்து மேலாக: எண்ணெய் எலுமிச்சைக் கலவை, அதன்மேல் கடலை (ஊறினால் ருசி கூடும்), பார்லி, கேரட், குடைமிளகாய், தௌக்வா, கடைசியில் இலை. சாப்பிடும்போது கவிழ்த்துக் குலுக்கினால் போதும். தட்டையான டப்பா என்றால் கலவையைத் தனிச் சிமிழில் கொண்டுபோங்கள்.

ஈரச்சந்தை | 5 மார்ச் 2025, காலை 7.05

இலையைக் கழுவிச் சுழற்றி உலர்த்தும் கூடை இல்லையென்றால் பழைய சுத்தமான பருத்தித் துண்டில் சுற்றி இரண்டு முனையையும் பிடித்துச் சுழற்றுங்கள். பிறகு சமையலறைத் தாள் விரித்த டப்பாவில் போட்டுக் குளிரில் வைத்தால் சியாவ் பாய் சாய் நான்கு நாள் நிற்கும். வல்லாரை இரண்டு நாள்தான்.

கறிவேப்பிலை | 5 மார்ச் 2025, இரவு 9.15

ஞாயிறு ஒருநாளே ஐந்து டப்பாவையும் அடுக்கி வைக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். வேண்டாம். காய்ந்த கடலை 250 கிராமை ஊறவைத்து ஒரே ஈடாக வேகவைத்து 120 கிராம் வீதம் சின்னப் பைகளில் உறையவையுங்கள். பார்லியும் அப்படியே. காய்களை முதல் நாள் இரவு நறுக்கிக்கொள்ளலாம். உறைந்த கடலைப் பையை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் உருகியிருக்கும், வரும் நீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

டின் கடலை வாங்கினால் 400 கிராம் டின்னில் வடித்தபின் 240 கிராம் இருக்கும், இரண்டு நாளுக்கு. வடித்து நன்றாக அலசினால் உப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விடும். அலசாமல் போட்டால் கலவையில் உப்பே வேண்டாம்.

தெம்பே | 6 மார்ச் 2025, மதியம் 12.40

செவ்வாய் வெள்ளிக்குத் தௌக்வாவுக்குப் பதில் தெம்பே 80 கிராம் போடலாம், புரதம் 15 கிராம் வரும். சோயாவைப் பூசணம் புளிக்கவைப்பதால் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறைந்துவிடும். பலர் அதன் கசப்பைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். கசப்பு போக, ஒரு செ.மீ. துண்டாக்கி 10 நிமிடம் ஆவியில் வைத்து, பிறகு மஞ்சள், உப்பு, கொத்தமல்லித்தூள் பிரட்டி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிடுங்கள். மேலே கருப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை, அது பூசணத்தின் வித்து. இளஞ்சிவப்போ பச்சையோ தெரிந்தால், வழவழப்பாக இருந்தால், தூக்கிப்போடுங்கள்.

சோயா பெண் ஹார்மோனைக் கெடுக்கும் என்று பயப்படுகிறார்கள். அதிலுள்ள ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜன்போல் மிக மெல்லச் செயல்படுவது, உணவாகச் சாப்பிடும் அளவில் தீங்கு காட்டப்படவில்லை.

பச்சைப்பயறு | 6 மார்ச் 2025, இரவு 7.30

முளைகட்டிய பயறை ஏன் யாரும் சொல்லவில்லை? பச்சையாக ஒரு கைப்பிடி போட்டால் போதுமே.

மருந்துச்சீட்டு | 6 மார்ச் 2025, இரவு 8.00

பச்சையாக வேண்டவே வேண்டாம். பயறு முளைக்கத் தேவையான அதே சூடும் ஈரமும் சால்மோனெல்லா, ஈகோலை பெருகவும் ஏற்றவை. கிருமி விதைக்குள்ளேயே இருக்கலாம், கழுவினால் போகாது. கர்ப்பிணிகள் பச்சை முளைப்பயறைத் தவிர்க்க வேண்டும். குழந்தைக்கு முயல்பவர் அந்தக் காலம் முழுக்கத் தன்னைக் கர்ப்பிணியாகவே எண்ணிக்கொண்டு சாப்பிடுவது நல்லது. தௌகேயும் (கடையில் விற்கும் நீள முளைப்பயறு) அப்படியே. உள்ளே வரை சூடேறி ஆவி பறக்கும்படி வேகவைத்து, ஆறவைத்துப் போடுங்கள்.

பச்சை மீனும் வேண்டாம். 2015இல் பச்சை நன்னீர் மீன் உணவால் இங்கே பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவியது, அந்த ஆண்டு டிசம்பரில் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடையே வந்தது. சால்மன் கடல்மீன்தான், ஆனாலும் போக்கே கிண்ணத்தில் (சோற்றின்மேல் மீன் துண்டுகள் வைத்துத் தருவது) வெந்ததையே கேட்டு வாங்குங்கள்.

கறிவேப்பிலை | 7 மார்ச் 2025, காலை 6.45

மீன் போடும் நாளில் கெம்போங், அதாவது நம் கானாங்கெளுத்தி. சின்ன மீன், பாதரசம் குறைவு, ஒமேகா-3 நிறைய. 100 கிராம் ஆவியில் வேகவைத்து முள் எடுத்து, மஞ்சளும் கலமான்சியும் பிசிறிவைத்தால் குளிர்ந்தாலும் கவிச்சி அடிக்காது. டின் மத்தியும் சரி. சுறா, வாள்மீன், மார்லின் போன்ற பெரிய வேட்டை மீன் வேண்டாம், சின்னதைத் தின்று தின்று பாதரசம் அவற்றில் சேர்ந்திருக்கும். வஞ்சிரமும் வேட்டை மீன்தான், வாரத்துக்கு ஒருமுறையோடு நிறுத்துங்கள்.

முட்டை என்றால் இரண்டு, மஞ்சள்கரு இறுகும் வரை. கொதிவந்தபின் 10 நிமிடம்.

புளோக் 7 | 7 மார்ச் 2025, மதியம் 2.15

என் மனைவிக்காகப் படிக்கிறேன். ஆண்கள் என்ன சாப்பிட வேண்டும்? துத்தநாக மாத்திரை வாங்கலாமா?

மருந்துச்சீட்டு | 7 மார்ச் 2025, இரவு 9.00

கேட்டது நல்லது, கருத்தரிப்பில் பாதி உங்களுடையது. மாத்திரை: 2020இல் அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் நடந்த பெரிய ஆய்வில், ஆண்கள் ஆறு மாதம் ஃபோலிக் அமிலம் 5 மி.கி., துத்தநாகம் 30 மி.கி. எடுத்தும் குழந்தை பிறப்பு கூடவில்லை, விந்தணுத் தரமும் உயரவில்லை. வயிற்றுக்கோளாறுதான் கூடியது. உணவில், 2012இல் நலமான 117 இளம் ஆண்களில் ஒரு பகுதியினர் தினமும் 75 கிராம் வால்நட் 12 வாரம் சாப்பிட, விந்தணுவின் நகர்வும் வடிவமும் மேம்பட்டன. குழந்தை பிறப்பு அதில் அளக்கப்படவில்லை. 75 கிராம் என்பது 490 கலோரி, டப்பாவில் 20 கிராம் போட்டாலே நல்ல சேர்க்கை. மனைவியின் டப்பாவையே கடலை 160, பார்லி 120 என்று பெரிதாக்கிக்கொள்ளுங்கள். விந்தணு உருவாகி முதிர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும், ஆகவே இன்று மாற்றினால் ஜூனில்தான் பலன் தெரியத் தொடங்கும். புகைப்பதாக இருந்தால் அதை நிறுத்துவது எந்தச் சாலட்டைவிடவும் பெரிது.

கறிவேப்பிலை | 8 மார்ச் 2025, காலை 10.30

கலோரியைக் கூட்டிப் பார்த்தேன். நான் சொன்ன டப்பா ஏறக்குறைய 700. எடை குறைக்கச் சொல்லியிருந்தால் இது கூடுதல், முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பார்லியை எடுத்துவிட்டு, எண்ணெயை 2 தேக்கரண்டியாக்கினால் 560க்கு வரும். கடலையிலும் மாவுச்சத்து இருப்பதால் பார்லி இல்லாமலும் நிற்கும். கடலை, தௌக்வாவில் கைவைக்காதீர்கள். எடை கூடியிருப்பவர்கள் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்குச் சினைமுட்டை வெளிவருவது சீராகிறது.

இன்னொன்று, பால் பற்றி. 2007இல் 17,544 செவிலியரைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், தாவரப் புரதமும் கொழுப்பு நீக்காத பாலும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குச் சினைமுட்டைக் கோளாறால் வரும் குழந்தையின்மை குறைவாக இருந்தது, டிரான்ஸ் கொழுப்பு தின்றவர்களுக்கு அதிகம். இது பார்த்துக் குறித்த ஆய்வு, இதனால்தான் அது என்று சொல்லிவிடாது. ஆனாலும் கொழுப்பு நீக்கிய தயிரை வலிந்து வாங்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கலவைக்கு மாற்றாகக் கெட்டித்தயிர் 3 மேசைக்கரண்டி, புதினா, இடித்த பூண்டு அரைப்பல், சீரகம். அன்று எண்ணெய் 1 தேக்கரண்டி போதும். டிரான்ஸ் கொழுப்பின் முதன்மை மூலமான பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு இங்கே 2021 ஜூனிலேயே தடை.

செங்காங் வாசகி | 8 மார்ச் 2025, மதியம் 3.00

நன்றி. தண்ணீர் இப்போது இல்லை. டப்பா கட்ட முடியாத நாளில் உணவங்காடியில் எதை வாங்குவது? சாப்பிட்டதும் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) குடிப்பது வழக்கம், தொடரலாமா?

தெம்பே | 8 மார்ச் 2025, மாலை 5.20

யோங் தாவ் ஃபூ (நாமே தேர்ந்தெடுக்கும் துண்டுகளை வேகவைத்துத் தருவது). தௌக்வா 2, முட்டை 1, கங்கோங் கீரை, கைலான், பாகற்காய், வெண்டை. நூடுல்ஸ் பாதி, சூப்போடு, இனிப்புச் சாறு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொரித்த உருண்டைகளை எடுக்காதீர்கள். தண்டர் டீ ரைஸ் (காய்கறியும் தேயிலைச் சூப்பும் சேர்ந்த சோறு) பழுப்பரிசியில் கிடைத்தால் அது கிட்டத்தட்ட நீங்கள் கட்டும் டப்பாவேதான்: கீரை, பயறங்காய், தௌக்வா, வேர்க்கடலை. இந்திய ரோஜாக் சாலட் மாதிரித் தெரியும், பெரும்பாலும் மாவில் பொரித்தது.

மருந்துச்சீட்டு | 8 மார்ச் 2025, இரவு 9.40

தேநீரையும் காப்பியையும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், அவை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன தண்டர் டீயின் சூப்பே தேயிலையில் அரைத்தது, ரத்தச்சோகை இருந்தால் சூப்பைக் குறைத்து ஊற்றிக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ள வேண்டும். தைராய்டுக்கு ஆகாது என்று பயந்து அவர்கள் கைலானையும் முட்டைக்கோஸையும் விட வேண்டாம், வேகவைத்துச் சாப்பிட்டால் போதும்.

இதையும் சொல்லியாக வேண்டும்: 35 வயதுக்குள் ஓராண்டு, 35க்குமேல் ஆறு மாதம் முயன்றபின் மருத்துவரைப் பார்ப்பது பொது விதி. மாதவிடாய் 45 நாள் தள்ளிப்போகிறவருக்கு அந்த விதி பொருந்தாது. இப்போதே போங்கள். பிசிஓஎஸில் சினைமுட்டையை வெளிக்கொணர முதலில் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை இருக்கிறது. சாலட் பலன் தருமா என்று காத்திருந்து மாதங்களைக் கழிக்காதீர்கள்.

பச்சைப்பயறு | 9 மார்ச் 2025, காலை 8.10

பப்பாளி? காய்ப்பப்பாளி சாலட் பிடிக்கும், வீட்டில் திட்டுகிறார்கள்.

கறிவேப்பிலை | 9 மார்ச் 2025, காலை 9.00

வீட்டில் சொல்வது காய்க்குச் சரி, பழத்துக்குச் சரியில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் எலிகளில் பார்த்தார்கள். பழுத்த பப்பாளியால் ஒன்றும் ஆகவில்லை, காயின் பால் கருப்பையைச் சுருங்கவைத்தது. அதனால் முயலும் காலத்தில் காயைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் புளிப்பும் மொறுமொறுப்பும் வேண்டுமென்றால் சீவிய மாங்காயும் சிறகவரையும்.

ஈரச்சந்தை | 9 மார்ச் 2025, மாலை 6.30

ஆளிவிதை பற்றி விட்டுப்போனது. முழுதாகப் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடும், பொடிக்க வேண்டும். பொடித்தது இந்தச் சூட்டில் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்துக் குளிரில் வையுங்கள். காலையிலேயே தூவினால் ஈரம் பட்டுக் கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். சின்னத் தாளில் மடித்துக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது தூவுங்கள்.

செங்காங் வாசகி | 10 மார்ச் 2025, மதியம் 1.05

ஆ, அந்தக் கோந்து அதுதானா! நான் பார்லி குழைந்துவிட்டது என்று விசிலைக் குறைத்துக்கொண்டே போனேன். மருத்துவரிடம் 19ஆம் தேதிக்கு நேரம் வாங்கியாயிற்று.